நடமாடும் சென்சாருக்கு அப்டேட் அனுப்பிய கதை இருந்தால் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எம்.இ. ப்ராஜெக்டுக்காக ஒரு மந்தையில் 14 ஆடுகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டி, அதில் டெலாஸ்பி மோட் (ரேடியோ உள்ள குட்டி சென்சார் கணினி) வைத்தோம். எந்த ஆடு எதோடு சேர்ந்து மேய்கிறது என்று பார்க்கிற வேலை. பத்தாம் நாள் கோடில் ஒரு பிழை தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டையும் பிடித்து யூஎஸ்பி குத்துவதா? பகலில் சிதறுகிற ஆடு ராத்திரி எப்படியும் கிடையில் அடையுமே, அப்போது ரேடியோவிலேயே அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

ரேடியோ வழியே ப்ரோக்ராமைப் பரப்ப பெர்க்லியில் எழுதிய டெல்யூஜைத்தான் பயன்படுத்தினோம். 30 கேபி ப்ரோக்ராமை அது 28 பக்கமாக வெட்டும். பக்கத்துக்கு 48 பேக்கெட். ஒரு பக்கம் முழுசாக வந்ததும் அந்த நோடு (அதாவது மோட்) அதை அடுத்த நோடுக்குக் கொடுக்கலாம். முதல் ஒரு மணி நேரம் ஜோராக ஓடியது. பதினோரு மணிக்கு மேல் ஐந்து ஆடுகள் 19-ஆம் பக்கத்திலேயே நின்றன. லேப்டாப்பை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன், நகரவில்லை.

கிடைக்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, "ஆடு படுத்துடுச்சு தம்பி, இனி ஒண்ணும் நடக்காது. நீயும் போய்ப் படு" என்றார். அவர் என் தூக்கத்துக்காகச் சொன்னது. எனக்கோ அப்போதுதான் உறைத்தது. ஆடு மோட்டின் மேலேயே படுத்திருக்கிறது. உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி வருமா?

விடியற்காலை அவர் கம்பை எடுத்துக்கொண்டு குரல் கொடுத்ததும் மந்தை எழுந்தது. ஸ்க்ரீனில் 20, 21, 22. மேய்ச்சலுக்குக் கிளம்புமுன் நான்கு ஆடுகள் முடித்துவிட்டன. ஐந்தாவது 28 பக்கமும் வாங்கியது, ரீபூட் ஆனது, பழைய வெர்ஷனையே சொன்னது!

பதில் 1

அந்த ஐந்தாவது ஆட்டின் பேட்டரியை அளந்தீர்களா? மோட்டில் இருக்கிற எம்எஸ்பி430 சிப் 1.8 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் ப்ரோக்ராம் இருக்கிற ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத 2.7 வேண்டும். அதற்குக் கீழே போனால், ரீபூட்டில் புது ப்ரோக்ராமை ஏற்றுகிற பூட்லோடர் எழுத மறுத்துவிடும். நல்லதுதான், பாதி எழுதி நின்றால் மோட்டே செத்திருக்கும்.

எங்கள் கதை கிடங்கில். சுவரில் நிலையான நோடுகள், தள்ளுவண்டிகளில் நகரும் நோடுகள். டெல்யூஜ் நோடுகள் தங்கள் வெர்ஷனை அவ்வப்போது அறிவிக்கிற ட்ரிக்கிள் முறையில், அருகில் எல்லாரும் ஒரே வெர்ஷனைச் சொன்னால் நோடு வாயை மூடிக்கொள்ளும், அறிவிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். நின்ற இடத்தில் நிற்கிற நோடுக்கு அது அருமையான யோசனை. வண்டியோ இருபது விநாடியில் கடந்து போய்விடும். அந்த இருபது விநாடியும் இரண்டு பேரும் மௌனம். ஒரு வண்டி மூன்று நாள் பழைய வெர்ஷனோடு சுற்றியது. கடைசியில் வண்டி நோடுகளுக்கு மட்டும் அதிகபட்ச இடைவெளியை அரை நிமிடமாகக் குறைத்தோம். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது, வாரா வாரம் மாற்றினோம்.

பதில் 2

2004 ஜனவரியில் கென்யாவின் ம்பாலாவில் வரிக்குதிரைகளுக்குப் பட்டை கட்டிய பிரின்ஸ்டன் குழுவுக்கும் இதே தலைவலி இருந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடையும் இல்லை. ஒரு கூட்டம் அடுத்த கூட்டத்தை எப்போது சந்திக்கும் என்று யார் சொல்வது? அதனால் அவர்களுடைய இம்பாலா மென்பொருள் ப்ரோக்ராமை மாட்யூல்களாகப் பிரித்து அனுப்பும். அரைகுறையாக வந்ததை ஓரமாக வைத்துக்கொண்டு பழையதையே ஓட்டும்.

தொடங்கியவர்

பதில் 1 சொன்னதுதான். அளந்தபோது 2.61. புது பேட்டரி போட அந்த ஆட்டைப் பிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, பெரியவர் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.