அமெரிக்கப் பங்க் ராக் குழுவான பிளாக் ஃப்ளாக்குக்குச் சரியான அஞ்சலி எது: 2002 ஆல்பமா, 2007 ஆல்பமா?

நாலுபட்டை: இரண்டுக்கும் பெயர் ‘ரைஸ் அபவ்’தான். 2002இல் வந்தது, அமெரிக்காவில் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ‘வெஸ்ட் மெம்ஃபிஸ் மூவரின்’ வழக்குக்கு நிதி திரட்ட, ஹென்றி ராலின்ஸின் ராலின்ஸ் பேண்ட் வாசித்து, விருந்தினர்கள் பாடிய 24 பாடல்கள். 2007இல் வந்தது, பிளாக் ஃப்ளாக்கின் 1981 ஆல்பமான ‘டேமேஜ்ட்’டைத் திரும்பக் கேட்காமல், நினைவை மட்டும் நம்பி டர்ட்டி புரொஜெக்டர்ஸ் என்ற குழு செய்தது. என் ஓட்டு முதலாவதற்கு. கீத் மோரிஸ், ரான் ரெயஸ், டெஸ் கடேனா, ஹென்றி ராலின்ஸ் என்று பத்து வருடத்துக்குள் நாலு பாடகர்களைக் கண்ட குழு பிளாக் ஃப்ளாக். ‘சிக்ஸ் பேக்’ பாட்டு முதலில் டெஸ் குரலில் வந்தது, அதே வருடம் ராலின்ஸ் குரலிலும் வந்தது. பாட்டு நிற்கும், குரல் மாறும். 2002 ஆல்பத்தில் மைக் பாட்டன், லெம்மி, ஐஸ்-டி என்று ஆள் மாறி மாறிப் பாடுவது அந்த வழக்கப்படிதான்.

கீழ்த்தந்தி: குரலை விடுங்கள், கிட்டாரைக் கேளுங்கள். ‘டேமேஜ்ட்’டில் கிரெக் கின், டெஸ் என இரண்டு கிட்டாரிஸ்டுகள். இரண்டு கைகளும் நூலிழை விலகி விழுவதால்தான் அந்த உரசல். 2002 குழுவில் கிட்டாருக்கு ஜிம் வில்சன் ஒருவர்தான். ஒரே ஆள் இருமுறை வாசித்து அடுக்கினால் ஒலிச்சுவர் தடிக்கும், உரசல் வராது. டிரம்ஸிலும் அதே கதை. ‘டேமேஜ்ட்’ டிரம்மர் ரோபோவின் கை வளையல் சலசலப்புகூட அன்று மைக்கில் விழுந்தது. இங்கே எல்லாம் சுத்தம். ஒரே குழு, ஒரே ஒலி, 24 தடவை. பாதியிலேயே காது சலித்துவிடுகிறது.

ஒலிமேடை: இந்தப் பாடல்களைக் கவர் செய்பவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கெயின், அதாவது ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு. கூட்டிவைத்தால் வேகமான கார்டு மாற்றங்கள் குழைந்துபோகும். பாதிக்குக் குறைத்து, கீழ்நோக்கிய அடியாகவே பலமாக அடிக்க வேண்டும். வேகத்தை ஒரே சீராக வைக்கும் க்ளிக் டிராக்கில் (தாள ஒலியில்) பூட்டவும் கூடாது. கோரஸில் வேகம் லேசாக ஏறுவது இந்தப் பாட்டின் இயல்பு. கூட்டுக்குரலுக்கு ஒருவர் குரலையே நகலெடுத்து ஒட்டாமல், நாலைந்து பேரை ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்திக் கத்த விடுங்கள்.

நாலுபட்டை: கீழ்த்தந்தி சொன்ன கிட்டார் குறையை ஒப்புகிறேன். ஆனால் 2007இல் உரசல் எங்கே இருக்கிறது? பெண்குரல் அடுக்குகள், நெளியும் கிட்டார். மெட்டே வேறு. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தரும் கட்டாய உரிமம்கூட (உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே, கட்டணம் கட்டி கவர் செய்யும் உரிமை), பாட்டின் அடிப்படை மெட்டையும் இயல்பையும் மாற்றாத கவருக்குத்தான். அதைத் தாண்டுகிறவர் உரிமையாளரிடம் தனியாக அனுமதி பெற வேண்டும்.

கீழ்த்தந்தி: அது உரிமத்துக்கான வரம்பு, மரியாதைக்கான அளவுகோல் இல்லை.

ஒலிமேடை: காசுக் கணக்கையும் பாருங்கள். 2002இல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட ஒரு பாட்டுக்கு, பிரதி ஒன்றுக்கு, அதன் உரிமையாளருக்குச் சட்டப்படி 8 சென்ட். 24 பாட்டுக்கு ஒரு சிடிக்கு 1.92 டாலர். உரிமையாளர்கள் குறைத்துக்கொண்டால் ஒழிய, நிதிக்கு ஒரு காசு போவதற்கு முன்பே இது கழியும். நிதிக்காகத் தொகுப்பு போடுகிறவர்கள் பாடல் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் இந்தப் பெருக்கலைப் போட வேண்டும்.

கீழ்த்தந்தி: 1984இல் ‘மை வார்’ இரண்டாம் பக்கத்தில், ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கும் மூன்று மந்தமான பாடல்களை வைத்துத் தன் ரசிகர்களையே எரிச்சலூட்டிய குழு இது. அவர்களே உடைத்த அச்சை 2002 ஆல்பம் ஒட்டவைத்தது. 2007 ஆல்பம் மறுபடி உடைத்தது.

நாலுபட்டை: ‘மை வார்’ மந்தமானாலும் எடை குறையவில்லை. 2007இல் எடையே இல்லை. ‘போலீஸ் ஸ்டோரி’யை இரண்டு ஆல்பத்திலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஐஸ்-டி குரலில் கோபம் இருக்கிறது.