ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் வரைந்தது ஒரு பெண்: தெரிந்தால் கதை மாறிவிடுமா?

பானல்_பிரியன்:

நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, "பெண்கள் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) வரைந்தால் காதல், பூ, கண்ணீர்தான். சண்டைக் கதைக்கு ஆண்தான் வேண்டும்" என்று போட்டிருந்தான். உனக்குப் பிடித்த மங்கா எது என்று கேட்டேன். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்றான். அதை வரைந்த ஹிரோமு அரகாவா ஒரு பெண் என்று சொன்னதும் அரை மணி நேரம் நம்பவில்லை. நம்பிய பிறகு சொன்னதுதான் எனக்கு உறுத்தியது: "அப்ப மறுபடி படிக்கணும் அண்ணா, எங்கெல்லாம் பொண்ணு எழுதினது தெரியுதுன்னு பார்க்கணும்."

27 தொகுதிகளையும் ரசித்துப் படித்து முடித்தவன் இப்போது துப்பறியப் போகிறான். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கட்சி இதுதான். ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்பதெல்லாம் எழுதுகிறவரைக் குறிக்கும் பெயர்கள் இல்லை, வாசகரைக் குறிக்கும் பெயர்கள். அதே வரிசையில், பையன்களுக்கு ஒரு பத்திரிகை, சிறுமிகளுக்கு ஒன்று, வளர்ந்த ஆண்களுக்கு ஒன்று, வளர்ந்த பெண்களுக்கு ஒன்று. எதில் தொடராக வருகிறதோ அதுதான் அந்தக் கதையின் வகை. ஷோனென் ஜம்ப் பத்திரிகையில் வாசகர் அனுப்பும் வாக்குகளில் பின்தங்கினால் தொடரை நிறுத்திவிடுவார்கள், வரைந்தவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ருமிகோ தகாஹாஷியை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் ஷோனென் சண்டேயில் உருசெய் யட்சுரா தொடங்கினார், வேற்றுக்கிரகப் பெண்ணும் துரத்தலும் அடிதடியுமாக ஒரே களேபரம். 1980இலிருந்து 1987 வரை வளர்ந்த ஆண்களுக்கான பிக் காமிக் ஸ்பிரிட்ஸில் மெய்சன் இக்கொகு, இளம் வயதிலேயே கணவனை இழந்த ஒருத்தி பழைய வாடகை விடுதியை நடத்தும் கதை, மெதுவாக, மழையும் துணி உலர்த்தலுமாகப் போகும். ஏழு வருடம் ஒரே கை இரண்டையும் வரைந்தது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பத்திரிகையிலிருந்துதானே.

வெண்பனி:

அந்தத் தம்பி சொன்னது தப்பு, அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் பத்திரிகைதான் எல்லாம் என்றால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 1950களிலும் 60களிலும் சிறுமிகளுக்கான பத்திரிகைகளில் பெரும்பாலும் வரைந்தது யார்? ஆண்கள். தெசுகா, இஷினோமோரி, யோகோயாமா, லெய்ஜி மட்சுமோட்டோ, டெட்சுயா சிபா எல்லாரும் அங்கே வரைந்திருக்கிறார்கள். 70களில் மோட்டோ ஹகியோ, கெய்கோ தகெமியா, யுமிகோ ஒஷிமா, ரியோகோ இகெடா என்று 1949ஐ ஒட்டிப் பிறந்த பெண்கள் வந்தார்கள். ஷோவா 24 என்ற அந்த ஆண்டை வைத்துத்தான் அவர்களை 24ஆம் ஆண்டுக் குழு என்று சொல்கிறோம். அதே பத்திரிகை வகை, அதே வாசகர். நீங்கள் சொல்வது சரியென்றால் பெரிதாக எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஆனால் தலைகீழாக மாறியது.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1953இல் தெசுகா தொடங்கிய ரிபோன் நோ கிஷியில் சஃபையர் என்ற இளவரசி. பெண் அரியணை ஏற முடியாது என்பதால் ஊருக்கு இளவரசனாக வளர்கிறாள். அவளுக்குள் இரண்டு இதயங்கள், ஒன்று ஆண் இதயம், ஒன்று பெண் இதயம். தேவதை வந்து ஆண் இதயத்தை எடுத்துவிட்டால் வாள் பிடிக்கும் பலமும் போய்விடும். அதாவது வீரம் அவளுடையது இல்லை, அவளுக்குள் குடியிருக்கும் பையனுடையது. இப்போது 1972இல் மார்கரெட் பத்திரிகையில் இகெடா தொடங்கிய, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதையான வெர்சாய் ரோஜாவுக்கு வாருங்கள். ஆஸ்கரையும் அப்பா மகனாகத்தான் வளர்க்கிறார், அவளும் சீருடை போடுகிறாள், வாள் பிடிக்கிறாள். ஆனால் இதயம் ஒன்றுதான். ராணியின் மெய்க்காவல் படையை விட்டுவிட்டு, பெண்ணின் கட்டளையைக் கேட்க மாட்டோம் என்று முறைக்கும் சாதாரணச் சிப்பாய்களிடம் தானே போய் நிற்கிறாள், கடைசியில் அவர்களோடு மக்கள் பக்கம் சேர்ந்து பஸ்தீல் சிறைக்கோட்டை முன்னால் சாகிறாள். எந்தத் தேவதையும் வந்து எந்த இதயத்தையும் எடுத்துவிட முடியாது. சிறுமிகளுக்கு வரலாறு புரியாது என்று பத்திரிகைத் தரப்பு தயங்கியதாக இகெடாவே சொல்லியிருக்கிறார். பத்திரிகையை நம்பியிருந்தால் அந்தக் கதையே வந்திருக்காது.

பானல்_பிரியன்:

நல்ல ஒப்பீடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் ஏறத்தாழ இருபது வருடம் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 60களின் கடைசியில் ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் இளைஞராக இருந்த யார் எழுதினாலும் புரட்சி வந்திருக்கும். பையன்கள் பக்கமும் அதேதான். 1968இல் தொடங்கிய அஷிதா நோ ஜோ (நாளைய ஜோ), சேரியிலிருந்து வந்த குத்துச்சண்டை வீரனின் கதை, மாணவர் போராட்டக்காரர்கள் தங்கள் கதையாகவே அதைப் படித்தார்கள். 1970இல் விமானம் கடத்தியவர்கள் "நாங்கள்தான் நாளைய ஜோ" என்று அறிக்கை விட்டார்கள். எழுதியதும் வரைந்ததும் இரண்டு ஆண்கள். ஆக இது தலைமுறை மாற்றம், பால் மாற்றம் இல்லை.

இன்னொன்று. ஷோஜோவில் ஆண்கள் காணாமல் போய்விடவும் இல்லை. ஹனா டு யுமே பத்திரிகையில் சுகேபன் டெகா எழுதிய ஷின்ஜி வாடா ஆண். யோயோவைச் சுழற்றி அடிக்கும் பள்ளி மாணவி, ரகசியப் போலீஸ் வேலை. படித்த சிறுமிகள் அதைத் தங்கள் கதையாகத்தானே எடுத்துக்கொண்டார்கள்?

தூரிகை_77:

நான் வரைகிறவள், அதனால் பக்கத்தைப் பற்றியே பேசுகிறேன். இருவரும் கதையையே பேசுகிறீர்கள்.

70களின் ஷோஜோ பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது கட்டங்கள் உடைந்துகிடப்பதுதான். மூன்று கட்டங்களின் மேல் ஒருத்தி முழு உயரத்துக்கு நிற்பாள். அவள் நினைப்பது எந்தக் குமிழிக்குள்ளும் அடங்காமல் வெள்ளை இடத்தில் சின்னச் சின்ன வரிகளாகக் கிடக்கும். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவில் ஒரு முழுப் பக்கம் போய்விடும். பையன்கள் பத்திரிகையில் கட்டம் என்பது வேகத்துக்கு, யார் யாரை எந்தப் பக்கம் அடித்தார் என்று கண் தடுமாறாமல் ஓட வேண்டும். இங்கே கட்டம் நேரத்தை நிறுத்துவதற்கு. ஹகியோவும் தகெமியாவும் ஒஷிமாவும் சேர்ந்து வளர்த்தெடுத்த வேலை இது.

ஆனால் "பெண் பாணி" என்று சொன்னால் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஷோஜோ என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் நட்சத்திரம் மின்னும் பெரிய கண்களைப் பரப்பியதில் மகோடோ தகாஹாஷிக்குப் பெரிய பங்கு உண்டு, அவர் ஆண். அப்புறம் மிட்சுரு அடாச்சி. அவர் சிறுமிகள் பத்திரிகையில் சில வருடம் வரைந்துவிட்டு வந்தவர், 1979இல் அவருடைய ஹியாதாரி ரியோகோ தொடர் வந்தது ஷோஜோ காமிக்கில்தான். அங்கே பழகியதை எடுத்துக்கொண்டு 1981இல் ஷோனென் சண்டேக்கு டச் என்ற பேஸ்பால் கதையைக் கொடுத்தார். தம்பி கசுயா இறந்துகிடக்கும் ஆஸ்பத்திரி அறையைப் பாருங்கள். அலறல் இல்லை, பெரிய எழுத்து இல்லை. முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது இல்லையா, நம்பவே முடியவில்லை என்று அண்ணன் தாட்சுயா மினாமியிடம் அமைதியாகச் சொல்கிறான், அவ்வளவுதான். பேஸ்பால் கதைக்குள் அந்த மௌனம் சிறுமிகள் பத்திரிகை வழியாக வந்தது என்பது என் நம்பிக்கை. பெண்கள் கண்டுபிடித்ததை ஆண்கள் கற்றுக்கொள்ளலாம், ஆண்கள் தொடங்கியதைப் பெண்கள் வேறு எதற்கோ பயன்படுத்தலாம். கை கற்றுக்கொள்வது ரத்தத்தில் வருவதில்லை.

மதுரைக்_கதிர்:

எனக்கு இவ்வளவு வரலாறு தெரியாது. வாசகனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃபுல்மெட்டலில் ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அண்ணனும் தம்பியும் செத்துப்போன அம்மாவை உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள், ஒருவன் காலும் கையும் போகிறது, இன்னொருவன் உடம்பே போகிறது. போன கைக்குப் பதிலாக இரும்புக் கை செய்து பொருத்துவது வின்ரி, ஸ்குரூவும் கிரீஸுமாக வேலை செய்கிற பெண். அவர்களுடைய ஆசிரியை இசுமி தன் குழந்தையை இழந்தவர், அதைத் திரும்பப் பெறப்போய் வயிற்றுக்குள் உறுப்புகளையே இழந்து ரத்தம் கக்குகிறார். டிராகன் பாலில் செத்தவரை ஏழு உருண்டை சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். இங்கே முடியாது. உடம்பு என்றால் என்ன, உயிர் போனால் என்ன என்று தெரிந்த ஒருவர் எழுதியது போல இருக்கும். அது ஒரு பெண் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

பானல்_பிரியன்:

கதிர், நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் என்னிடம் வேறு விளக்கம் இருக்கிறது: மாட்டுப் பண்ணை. அரகாவா ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளி முடித்துவிட்டு ஏழு வருடம் அங்கேயே வேலை பார்த்தவர். தன்னையே மாடாகத்தான் வரைந்துகொள்வார். வேலை செய்யாதவனுக்குச் சோறு இல்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒன்றைக் கொடுக்காமல் ஒன்றைப் பெற முடியாது என்ற ஃபுல்மெட்டலின் விதி அங்கிருந்து வந்தது என்றுதான் நான் படிக்கிறேன். சந்தேகம் இருந்தால் அடுத்து எழுதிய சில்வர் ஸ்பூனைப் பாருங்கள். நகரத்துப் பையன் ஹச்சிகென் விவசாயப் பள்ளியில் நோஞ்சான் பன்றிக்குட்டி ஒன்றுக்குப் பெயர் வைத்து வளர்க்கிறான், அது இறைச்சிக்குப் போகும் நாள் வருகிறது, அந்த இறைச்சியைத் தானே காசு கொடுத்து வாங்கி பேக்கன் செய்து நண்பர்களோடு சாப்பிடுகிறான். உயிர், உடம்பு, விலை எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பண்ணையில் பிறந்த ஒரு பையன் எழுதியிருந்தாலும் இது வந்திருக்கும்.

வெண்பனி:

பண்ணை சரி, ஏற்கிறேன். ஆனால் அந்தப் பண்ணையில் பிறந்த பையன் ஹிரோமி என்ற பெயரை ஹிரோமு என்று மாற்ற வேண்டியிருந்திருக்குமா? ஓர் எழுத்துதான் மாற்றினார், பெண் பெயர் ஆண் பெயராகக் கேட்கும். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் ஒன்று என்றால் அந்த ஓர் எழுத்து எதற்கு? டீமன் ஸ்லேயர் எழுதிய கொயொஹரு கொதோகே இன்றுவரை ஆணா பெண்ணா என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை, முதலைப் படம்தான் முகம். அந்த முதலைக்குப் பின்னால் யார் என்று உங்கள் தம்பியைப் போலத் துப்பறிகிறவர்கள் ஆயிரம் பேர். அதனால் பால் என்பது கதைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வாசலில் நிற்கிறது என்கிறேன்.

பத்திரிகை மாறினால் எழுத்து மாறும் என்று தகாஹாஷியைக் காட்டினீர்கள். சிகா உமினோவையும் பாருங்கள். ஹனி அண்ட் க்ளோவர் பெண்கள் பத்திரிகைகளில் வந்தது. 2007இல் வளர்ந்த ஆண்களுக்கான யங் அனிமலுக்குப் போனார், ரத்தமும் வாளுமான பெர்செர்க் வந்துகொண்டிருந்த அதே பத்திரிகை. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் விளையாடும் பையனின் கதை, மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன். அதன் நடுவில் ஷோகியை ஓரமாக வைத்துவிட்டு ஹினா என்ற பள்ளிச் சிறுமியைப் பற்றி எழுதுகிறார். வகுப்பில் ஒதுக்கப்பட்ட தோழிக்குத் துணை நின்றதால் அடுத்து அவளே ஒதுக்கப்படுகிறாள். பயம்தான், வயிறு வலிக்கிறது, அழுகிறாள், அழுதுகொண்டே நான் செய்தது தப்பே இல்லை என்கிறாள். கூட நிற்கும் ஷோகிப் பையன் ரெய், சின்ன வயதில் தனியாகக் கிடந்த தன்னையே அவள் இப்போது வந்து காப்பாற்றிவிட்டாள் என்று உணர்கிறான். வளர்ந்த ஆண்களுக்கான பத்திரிகையில் சிறுமிகள் ஒருவரையொருவர் எப்படி ஓசையில்லாமல் வதைப்பார்கள் என்று இவ்வளவு துல்லியமாக வந்ததற்குப் பத்திரிகையா காரணம்?

தூரிகை_77:

ஹினா பகுதியைப் படித்தபோது என் எட்டாம் வகுப்பு அப்படியே திரும்ப வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காரலாம் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு மட்டும் தெரியாது. அதை ஒரு ஆண் எழுத முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் அதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

வெண்பனி:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பானல்_பிரியன், ஒரே ஒரு சிறுகதை படியுங்கள். ஹகியோவின் இகுவானா மகள், 1992. ஆங்கிலத்தில் எ டிரங்கன் ட்ரீம் என்ற தொகுப்பில் இருக்கிறது, ஃபேண்டாகிராஃபிக்ஸ் 2010இல் போட்டது. படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

பானல்_பிரியன்:

நேற்று இரவு படித்தேன். இரண்டு முறை.

படிக்காதவர்களுக்காக, முடிவு உட்படச் சொல்லிவிடுகிறேன். தன் மகள் ரிகா அம்மாவின் கண்ணுக்கு இகுவானாவாக, ஒரு பெரிய பல்லியாகத் தெரிகிறாள். மற்ற எல்லாருக்கும் அவள் அழகான பெண், கெட்டிக்காரி. ஆனால் அம்மா பார்த்ததையே மகளும் கண்ணாடியில் பார்த்து வளர்கிறாள். நாமும் பக்கம் பக்கமாக அவளை இகுவானாவாகத்தான் பார்க்கிறோம், பள்ளிச் சீருடையில் ஒரு இகுவானா. திருமணம், குழந்தை எல்லாம் ஆகிறது. பிறகு அம்மா இறந்த செய்தி வருகிறது. முகத்தைப் பார்க்கிறாள். அங்கே படுத்திருப்பது ஒரு இகுவானா, தன்னைப் போலவே.

இதை எந்த ஆசிரியர் குழுவும் கேட்டு வாங்கியிருக்க முடியாது, எந்த வாசகர் வாக்கும் உண்டாக்கியிருக்க முடியாது. ஹகியோ மங்கா வரைவதை அவர் பெற்றோர் பல வருடம் ஏற்கவில்லை என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் உள்ள அந்தப் பார்வையை உள்ளே இருந்து பார்த்தவர்தான் இப்படி வரைவார். என் கட்சியில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். மீதிப் பாதியை விட மாட்டேன்: முதலில் பெயரைப் பார்த்துவிட்டு இதில் பூ இருக்கும், இதில் சண்டை இருக்கும் என்று முடிவு செய்வது தப்பு.

மதுரைக்_கதிர்:

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னீர்கள்?

பானல்_பிரியன்:

இந்தக் கதையை அனுப்பினேன். வரைந்தவர் பெயரையும் சொல்லித்தான் அனுப்பினேன். ராத்திரி ஒரு மணிக்குப் பதில் வந்தது, "அண்ணா, எங்க அம்மாவும் அவங்க அம்மாவும் பேசிக்க மாட்டாங்க" என்று. சண்டை எங்கே என்று கேட்கவில்லை.