மறு: ஸி ஜுன்ஸி தாங்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இத்தனை மடலுக்குப் பிறகும் ‘ஸி ஜுன்ஸி தாங்’ என்ற சீன மருந்துக்குத் தமிழ்ப் பெயர் முடிவாகவில்லை.

முதலில் ‘தாங்’. சீனத்தில் சூப்புக்கும் கஷாயத்துக்கும் அதே சொல்தான். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் எல்லாம் வழக்கில் இருக்க, சிலர் சொல்லும் ‘வடிசாறு’ எதற்கு? ‘குடிநீர்’ என்றால் குழாய்த் தண்ணீரோடு குழம்பும் என்கிறார் தம்பி. முன்னால் மருந்தின் பெயர் நின்றால் யாரும் குழம்புவதில்லை.

அப்புறம் ‘ஜுன்ஸி’. கன்பூசியர் போற்றும் பண்பு நிறைந்த மனிதர். ஜின்செங் வேர், பாய்ஜு என்ற கிழங்கு, பைன் வேரில் வளரும் ஃபூலிங் பூஞ்சை, தேன் சேர்த்து வறுத்த அதிமதுரம் என்று நான்கும் உடம்பை அதட்டாமல் பதமாக வேலை செய்பவை. ‘ஸி’ என்றால் நான்கு; பெயர்க்காரணம் அதுதான். அண்ணா சொன்ன ‘நால்வர் குடிநீர்’ காதுக்கு இனிமை. ஆனால் நமக்கு நால்வர் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர். ‘சான்றோர்’தான் பொருந்துகிறது. சால் என்றால் நிறைதல்.

> புறநானூற்றில் சான்றோன் என்றால் வீரன்தானே?

உண்மை அக்கா, 312ஆம் பாட்டில் அப்படித்தான். ஆனால் குறளின் 99ஆம் அதிகாரம் முழுக்கப் பண்பைத்தான் பேசுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோலும் பான்ஷியா கிழங்கும் சேர்ந்தால் ஆறு சரக்காகி, அது ‘லியூ ஜுன்ஸி தாங்’ ஆகும்; ‘லியூ’ என்றால் ஆறு. நாற்சான்றோர் குடிநீர், அறுசான்றோர் குடிநீர் என்று உறவு விட்டுப்போகாது.

சிக்கல், மருந்து எதற்கு என்று சொல்லும் வரியில்தான். பசியின்மை, சோர்வு, இளகிய மலம்: இவற்றைச் சீன மருத்துவர்கள் ‘பி’ என்ற உறுப்பின் ‘சி’, அதாவது உயிராற்றல், குறைந்ததாகச் சொல்கிறார்கள். ‘பி’ மண்ணீரல்தான், ஆனால் அங்கே செரிமானத்தை நடத்துவதே அதுதான், நம் உயிரியல் பாடத்தில் அந்த வேலை அதற்கு இல்லை. அதனால் சித்த மருத்துவர் ஐயா செரிமானத் தீ மந்தமானதைக் குறிக்கும் ‘அக்கினி மந்தம்’ என்ற சொல்லைக் கேட்கிறார். நோயாளிக்குச் சட்டென்று புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீனரின் உறுப்புக் கணக்கே அதில் காணாமல் போய்விடும். அவர்களுடைய ஐந்து கூறுகளில் ‘பி’ மண்ணுக்கு உரியது. நம் சொல்லிலும் மண் இருக்கிறது! இதை வைத்து வேர்ச்சொல் உறவு நிறுவக் கிளம்பிய மடல்களை நான் ஏற்கவில்லை. தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் சொன்னால் மாணவருக்கு மறக்காது.

ஆகவே ‘மண்ணீரல் வலுக்குறைவு’ என்று போட்டு, அடிக்குறிப்பில் இரண்டு வரி விளக்கம் தருகிறேன். ஐந்து பேர் சரி என்றிருக்கிறீர்கள். ஐயா இன்னும் ஒப்பவில்லை; அவர் கேட்கும் ‘அக்கினி மந்தம்’ என்ற சொல்லும் அதே அடிக்குறிப்பில் இடம்பெறும். ‘சி’க்கு வலு போதுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்