ஒரே டெர்மினல் மட்டும் சூடாவது ஏன்?

கேள்வி:
எனது பேட்டரி ரிக்‌ஷாவில் நான்கு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. பாலம் ஏறி இறங்கினால் இரண்டாவது பேட்டரியின் நேர்முனை மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. நட்டை இருமுறை இறுக்கியும் பத்தே நாளில் பழைய நிலைதான். பேட்டரியை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இணைப்பில் 5 மில்லிஓம் தடை இருந்தாலே, 60 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு இடத்தில் 18 வாட் வெப்பம் உண்டாகும். ஒருவர் வண்டியை ஓட்ட, மற்றொருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையின் ஈயத் தண்டிலும் மற்றொன்றைக் கேபிள் லக்கிலும் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) வைத்துப் பார்க்கட்டும். மற்ற இணைப்புகளைவிட மில்லிவோல்ட் மிகுதியாக இருந்தால் குறை அங்கேதான்.

பதில் 2:
ஈயம் மென்மையானது, மேலும் மேலும் இறுக்கினால் நசுங்கித் தளர்ந்துதான் போகும். சார்ஜரையும் மெயின் சுவிட்சையும் அணைத்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் டேப் சுற்றிய ஸ்பேனரால் இணைப்பைப் பிரியுங்கள். பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அந்த நீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் இறங்கக் கூடாது. லக் ஈயத்தின்மீது நேரடியாக அமர வேண்டும், வாஷர் அதற்கு மேலேதான். இறுக்கிய பிறகே வாசலின் பூசுங்கள்.

கேட்டவர்:
பிரித்துப் பார்த்தேன். லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே ஓர் இரும்பு வாஷர், ஓரம் நீலம் பாய்ந்து கிடந்தது. மாற்றி அமைத்தபின் பாலம் ஏறி இறங்கினேன், இளஞ்சூடுதான்.

பதில் 2:
மகிழ்ச்சி. கேபிள் உறை லக்கின் அருகே கருகியிருந்தால், அந்தக் கேபிளையும் மாற்றிவிடுங்கள்.