பள்ளி கேன்டீனில் பாரம்பரியப் பண்டம் மட்டும் போதுமா?

வெண்ணாறு:
திருவாரூர் மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் பள்ளி, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை. ஜூனில் கேன்டீன் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வரைவு இது: சிப்ஸ், கோலா, பாக்கெட் ஜூஸ், கலர் மிட்டாய் கிடையாது. கடலைமிட்டாய், எள்ளுருண்டை, உளுந்துவடை, முறுக்கு, பானகம், நீர்மோர், சுண்டல் தாராளம். இடைவேளை 15 நிமிடம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

குடமுருட்டி:
பானகத்திலேயே இருக்கிறது. கோயில் பக்குவத்தில் லிட்டருக்கு 150 கிராம் வெல்லம் போடுவார்கள். 200 மில்லி டம்ளருக்கு 30 கிராம் வெல்லம். அதில் சுமார் 26 கிராம் சர்க்கரைதான். நீங்கள் தடை செய்த கோலாவில் 100 மில்லிக்கு 10.5 முதல் 11 கிராம், அதாவது அதே டம்ளருக்கு 21, 22 கிராம். சுக்கும் ஏலக்காயும் சேர்ந்தால் இந்தக் கணக்கு மாறாது. 2,000 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு டம்ளரிலேயே அந்த 25 முடிந்துபோகிறது.

பெயரை வைத்துப் பட்டியல் போடாதீர்கள். ஒரு பங்குக்கு இவ்வளவு என்று அளவை வையுங்கள்: சர்க்கரையோ வெல்லமோ 8 கிராம், உப்பு அரை கிராம், எண்ணெய் 5 கிராம்.

கடைத்தெரு:
எடை போட்டு விக்க கேன்டீன் என்ன நகைக்கடையா? 15 நிமிஷத்துல 300 புள்ளைங்க வந்து நிக்கும். கடலைமிட்டாய்ல வெல்லத்தைக் குறைச்சா பிடிக்காது சார், உதிரும். ஒரு கிலோ கடலைக்கு 700 கிராம் வெல்லம் போட்டாத்தான் பலகையில நிக்கும்.

குடமுருட்டி:
வெல்லத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, துண்டைக் குறையுங்கள். அதே பக்குவத்தில் 30 கிராம் துண்டில் 11 கிராம் சர்க்கரை வருகிறது, 15 கிராம் துண்டில் ஐந்தரைதான். பலகையில் தேய்த்ததும், சூடு ஆறுவதற்கு முன்னால் கத்தியால் கோடு போட்டுவிட்டால் துண்டு ஒரே அளவாக உடையும். ஆறிய பிறகு வெட்டினால் பாதி தூளாகிவிடும். விற்கிற இடத்தில் தராசே வேண்டாம்.

பெரிய கவலை கடலைதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சாக்கோடு தரையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, காறல் வாடை அடிப்பது எல்லாவற்றையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கித் தள்ள வேண்டும்.

அரசலாறு:
சட்டத்தையும் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பள்ளி உணவு ஒழுங்குமுறை 2020இல் வந்தது, 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டத்தைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. விளம்பரமும் கூடாது. பாக்கெட்டா, கையால் சுட்டதா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் ‘மிகுந்த’ என்பதற்கு எத்தனை கிராம் என்று அதில் எண் கிடையாது. அதனால் குடமுருட்டி சொல்லும் அளவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கடைத்தெரு:
50 மீட்டர்னு காகிதத்துல இருக்கு. வாசல்ல நிக்கிற குச்சி ஐஸ், சர்பத் வண்டியை யார் நகர்த்துவா? உள்ளே வடை இல்லைன்னா புள்ளைங்க அங்கேதான் போகும். அந்த சர்பத்துல போடுற ஐஸ் மீன் பெட்டிக்குப் போடுற கட்டி ஐஸ். அதுக்கு என் வடை எவ்வளவோ மேல்.

குடமுருட்டி:
ஐஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று தெரியாத ஐஸ் எந்தக் குடிபானத்திலும் வேண்டாம், உங்கள் மோரிலும்தான்.

வடைக்கு வருவோம். 35 கிராம் வடையில் 5 முதல் 7 கிராம் எண்ணெய் நிற்கும். மாவில் தண்ணீர் கூடினாலும், எண்ணெய் காய்வதற்கு முன் போட்டாலும் இன்னும் ஏறும். நேற்றைய எண்ணெயில் இன்று கொஞ்சம் ஊற்றி ஓட்டுவதுதான் இங்கே எல்லாக் கடையிலும் நடக்கிறது. கருத்து, நுரை கட்டி, சீக்கிரமே புகைந்தால் அந்த எண்ணெய் முடிந்தது. மொத்த துருவச் சேர்மம், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து சிதைவதால் அதில் சேரும் பொருள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி உண்டு. வாரம் இரண்டு நாள் வடை, அன்றைய மீதி எண்ணெய் மறுநாள் சட்டிக்கு வராது. இதற்கு ஒப்புக்கொள்வீர்களா?

கடைத்தெரு:
ரெண்டு நாள் வடை வித்தா மாஸ்டர் சம்பளத்துக்கே காணாது. மத்த நாலு நாள் எதை விக்கிறது, வெள்ளரிப்பிஞ்சா?

வெட்டாறு:
ஏன், வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, பூவன் பழம், தையில் பனங்கிழங்கு எல்லாம் விற்கலாமே. ஆனால் காசு சுண்டலில்தான் அண்ணே. ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து அவித்தால் இரண்டே கால் கிலோ தேறும். 60 கிராம் பொட்டலமாகக் கட்டினால் 36, 37 வரும். பொட்டலம் 10 ரூபாய் என்றால் 360. கடலை கிலோ நூறு ரூபாய் போனாலும் வடையைவிட மிச்சம். கிலோவுக்கு உப்பு 15 கிராம் போதும், பொட்டலத்துக்கு 0.4 கிராம்தான் வரும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், காலை ஐந்து மணிக்கே தேங்காயைப் போட்டுத் தாளித்து, சூட்டோடு மூடி வைப்பது. டெல்டா புழுக்கத்தில் பதினோரு மணிக்கு நூல் விடும். தண்ணீரை முழுக்க வடித்து, அகலத் தாம்பாளத்தில் ஆறவிட்டு, தேங்காயை மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால் சேருங்கள்.

மோருக்கு ஒரு லிட்டர் தயிர், மூன்று லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 8 கிராம் உப்பு. 20 டம்ளர் வரும். பானையை ஈர மணலில் வையுங்கள், ஐஸ் வேண்டாம்.

வெண்ணாறு:
பானகத்தை எடுத்துவிடலாமா?

குடமுருட்டி:
விழா நாளில் 100 மில்லி, லிட்டருக்கு 80 கிராம் வெல்லம். ஒரு பங்குக்கு 7 கிராம் சர்க்கரை. தினமும் வேண்டாம்.

கடைத்தெரு:
மிட்டாய் துண்டை 15 கிராமுக்கு மாத்தறேன், சுண்டலும் போடறேன். வடை மூணு நாள், அதுக்கு மேல இறங்க மாட்டேன். எண்ணெய் விஷயத்தை ஒப்பந்தத்துல எழுதினா, பழைய எண்ணெயை வாங்கிக்கிற ஆளையும் பள்ளிக்கூடமே காட்டணும். இல்லேன்னா அது ராத்திரியே பக்கத்துக் கடைச் சட்டிக்குத்தான் போகும்.

அரசலாறு:
நியாயமான கேள்வி. பழைய எண்ணெயை பயோடீசலுக்கு எடுக்கப் பதிவு பெற்றவர்கள் உண்டு. ஆனால் ஒரு கேன்டீனின் அஞ்சு லிட்டருக்கு வண்டி அனுப்புவார்களா என்பது சந்தேகம். ஊரில் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரு டின்னில் சேர்த்தால் கேட்டுப் பார்க்கலாம்.