கீழ்வீட்டு வாடகை

குழு: பாட்டி வீடு, நாகப்பட்டினம்

நாகை அத்தை: கீழ்வீட்டைப் பார்க்க இன்று ஒரு குடும்பம் வந்தது. இருவருமே ஆசிரியர்கள், நாகூர்க்காரர்கள். அந்த அம்மையார் துளசி மாடத்தைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றினார். இறைச்சி சமைப்பது நமக்குச் சங்கடமா என்றும் அவரே கேட்டார். கொடுக்கட்டுமா?

சென்னை சித்தப்பா: முஸ்லிம் குடும்பம் என்றால் வேண்டாம், அக்கா. மதச்சார்பின்மை என்ற சொல்லே நெருக்கடி நிலையில் திணிக்கப்பட்டது என்று ஒரு பதிவு வந்திருக்கிறது, அனுப்புகிறேன்.

பெரியப்பா: தம்பி, அந்தச் சொல் 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தத்தின் வழியே முகவுரையில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தரும் 25ஆவது பிரிவும், மதத்தைக் காரணம் காட்டி அரசு எவரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 15ஆவது பிரிவும் 1950 முதலே இருக்கின்றன. மதச்சார்பின்மை திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று 1994இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களையும் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது.

சென்னை சித்தப்பா: அதெல்லாம் அரசுக்கு, அண்ணா. வீடு நம்முடையது.

பெரியப்பா: ஆம், 15ஆவது பிரிவு வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றம் உன்னைக் கேட்காது. அந்த ஆசிரியை கேட்டால் என்ன காரணம் சொல்வாய்?

மீனா: சித்தப்பா, உங்களுக்குக் காய்ச்சல் கண்டபோது பாட்டி வேண்டிக்கொண்டு முடி இறக்கியது நாகூர் தர்காவில்தானே?

பெரியப்பா: அங்குள்ள பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவரும் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்தான்.

சென்னை சித்தப்பா: அம்மாவின் வேண்டுதலை இதில் இழுக்காதீர்கள். பாகப்பிரிவினையிலும் என்னைக் கேட்காமல்தான் முடிவு செய்தீர்கள்.

நாகை அத்தை: பாகப் பேச்சு இங்கே வேண்டாம், தம்பி. மோட்டார் பழுதாகிப் பத்து நாளாகிறது. வாடகை வந்தால்தான் சரிசெய்ய முடியும்.

கோவை குமார்: மோட்டார் செலவில் பாதி என்னுடையது, அத்தை. அந்தக் குடும்பத்துக்கே கொடுங்கள்.

மீனா: எனக்கும் அதுதான் விருப்பம்.

சென்னை சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். அவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: வா. ஆனால் காரணத்தை அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

நாகை அத்தை: ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லிவிட்டேன். அதுவரை வேறு யாருக்கும் சாவி கொடுக்க மாட்டேன்.