எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் மாத்தினதும் செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை: சாவி ஸ்விட்ச் ஒயரிங் எப்படி?

நாலு_சிலிண்டர்:

பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறி உண்டாக்குற காண்டாக்ட்) டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் இருந்த பழைய வண்டியில 4 சிலிண்டர் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற) பெட்ரோல் எஞ்சின் இறக்கியிருக்கு. எஞ்சின் ஹார்னஸ் (ஒயர் கட்டு), ஈ.சி.எம். (எஞ்சின் கம்ப்யூட்டர்), செல்ஃப் மோட்டார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தது. இம்மொபிலைசர் (சாவி மாறினா எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) கிடையாது. சாவி ஸ்விட்ச் மட்டும் பழசு.

பேட்டரி ப்ளஸ் நேரா செல்ஃபோட பெரிய போல்ட்டுக்குப் போகுது. ஸ்விட்சோட ஸ்டார்ட் ஒயர் நேரா சொலினாய்டு (செல்ஃப் மேல இருக்கிற காந்த ஸ்விட்ச்) சின்ன முனைக்கு. ஈ.சி.எம்., காயில் (ப்ளக்குக்கு உயர் வோல்ட் தர்றது) ரெண்டுக்கும் பழைய காயிலுக்குப் போன ப்ளஸ் ஒயரையே கொடுத்திருக்கேன்.

செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்கவே மாட்டேங்குது. சாவியை விடுற நொடியில ஒரே ஒரு தடவை இருமும். நாலஞ்சு தடவைக்கு ஒண்ணு செல்ஃபும் எடுக்காம "டிக்"னு மட்டும் சத்தம். சாவி ஆன்ல ஈ.சி.எம். கப்ளர்ல 9.1 வோல்ட், அப்போ பேட்டரியில 12.3. எங்கே தப்பு?

செம்புக்கம்பி:

அந்த 9.1லேயே பாதி பதில் இருக்கு. பாயிண்ட் வண்டியில காயிலுக்குப் போறது பல சமயம் சாதா ஒயர் இல்லைங்க, ரெசிஸ்டன்ஸ் ஒயர். இல்லைன்னா வழியில ஒரு பீங்கான் ரெசிஸ்டர் இருக்கும். சுமார் 1.5 ஓம். பாயிண்ட் கருகாம இருக்க அது தேவைப்பட்டது. இப்போ ஈ.சி.எம். 2 ஆம்ப் இழுத்தாலே அதுல 3 வோல்ட் காணாமப் போகும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில பழைய ஸ்விட்சுகள்ல சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினதும் இக்னிஷன் முனை செத்துடும். செல்ஃப் சுத்துற வரைக்கும் காயிலுக்கு நேரடி 12 வோல்ட் பழைய சொலினாய்டில இருந்த இன்னொரு சின்ன முனையிலிருந்து வரும். உங்க புது செல்ஃப்ல அந்த முனை இருக்காது. சாவியை விட்டதும் கரண்ட் திரும்புது, எஞ்சின் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு, அதனாலதான் ஒரு இருமல்.

மீட்டரை ஈ.சி.எம். ப்ளஸ்ல வச்சு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. 4, 5 வோல்ட் காட்டினா ரெசிஸ்டன்ஸ் ஒயர். 0 காட்டினா ஸ்விட்ச்.

எப்படி இருந்தாலும் ஈ.சி.எம்.முக்கு ஸ்விட்ச் வழியா கரண்ட் கொடுக்காதீங்க, 40 ஆம்ப் ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) ஒண்ணு போடுங்க. அதுல 30, 87 பெரிய கரண்ட் போற முனைகள், 85, 86 உள்ளே இருக்கிற சுருளோட முனைகள். பேட்டரியிலிருந்து 30 ஆம்ப் ஃப்யூஸ் வழியா 4 ச.மி.மீ. ஒயர் ரிலே 30க்கு. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். 87லிருந்து ஈ.சி.எம்.முக்கு 10 அல்லது 15 ஆம்ப், காயிலுக்கு 15 ஆம்ப்னு தனித்தனி ஃப்யூஸ். 86க்குப் பழைய காயில் ஒயர், 85 எர்த். ரிலே காயில் இழுக்கிறது சுமார் 0.15 ஆம்ப்தான். 1.5 ஓம்ல அதுக்கு இழப்பு 0.2 வோல்ட். ஆகவே டேஷ்போர்டைக் கழட்டி அந்த ஒயரைப் பிடுங்க வேண்டாம், ரிலேயைத் தட்டி எழுப்ப அது தாராளமா போதும்.

ரிலே_ராசா:

"டிக்" சத்தம் தனி விஷயம். சொலினாய்டு உள்ள ரெண்டு சுருள் இருக்கு, உள்ளே இழுக்கிறது ஒண்ணு, பிடிச்சு நிறுத்துறது ஒண்ணு. இழுக்கிற நொடியில ரெண்டும் சேர்ந்து 30, 40 ஆம்ப் கூட கேட்கும். அவ்வளவும் பழைய ஸ்விட்ச் பாயிண்ட் வழியா, மெல்லிய ஒயர்ல, டேஷ்போர்டு வரைக்கும் போய்த் திரும்புது. சின்ன முனையில 8 வோல்ட்டுக்குக் கீழே போனா ப்ளஞ்சர் (உள்ளே நகர்ற இரும்புத் தண்டு) அரைகுறையா நகரும். அப்படியே ஓட்டினா உள்ளே இருக்கிற செம்பு காண்டாக்ட் தீப்பொறியில ஒட்டிக்கும், அப்புறம் சாவியை எடுத்தாலும் செல்ஃப் நிக்காது.

இதுக்கும் ஒரு 40 ஆம்ப் ரிலே. 30க்குத் தனி 30 ஆம்ப் ஃப்யூஸ், 87லிருந்து சொலினாய்டுக்கு 4 ச.மி.மீ., 86க்கு ஸ்விட்சோட ஸ்டார்ட் ஒயர். 85ஐ நேரா எர்த் பண்ணாம க்ளட்ச் ஸ்விட்ச் வழியா எர்த் பண்ணுங்க, கியர்ல இருக்கும்போது வண்டி குதிக்காது. ரிலே உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடுறது) இருந்தா 86தான் ப்ளஸ். மாத்திக் கொடுத்தா ஷார்ட்.

பெரிய கேபிள் 35 ச.மி.மீ.க்குக் குறையாம இருக்கட்டும், அதுல ஃப்யூஸ் கிடையாது, அதனால சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் போகவே கூடாது. கேபிள் நுனியில வர்ற லக்கை அழுத்திப் பிடிக்கிற கருவியால க்ரிம்ப் பண்ணுங்க. ஈயம் வச்சா கம்பி விறைச்சு, அதிர்வுல அந்த இடத்திலேயே ஒடியும்.

மல்டிமீட்டர்:

எர்த்தை யாரும் சொல்லலையே. எஞ்சின் ரப்பர் மவுண்ட்ல உட்கார்ந்திருக்கு, சேசிஸுக்கும் அதுக்கும் மின்தொடர்பு கிடையாது. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ப்ளஸ் கேபிள் அளவிலேயே ஒரு கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு இன்னொண்ணு. பெயின்டைச் சுரண்டிட்டு மாட்டுங்க. இது இல்லைன்னா செல்ஃப் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா வழி தேடும், தொட்டா சுடும். ஈ.சி.எம். எர்த் ஒயர்களும் ஹார்னஸ்ல வந்தபடியே எஞ்சின் மேலேயே சேரணும்.

சோதிக்க: காயில் கப்ளரையும் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க. பேட்டரி ப்ளஸ் முனைக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவுல 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. மைனஸ் முனைக்கும் செல்ஃப் உடம்புக்கும் 0.3. க்ளாம்ப்ல இல்லை, ஈய முனையிலேயே தொட்டுப் பாருங்க.

புது ரிலேயெல்லாம் போட்ட பிறகு முதல் தடவை பேட்டரியை நேரா இணைக்காதீங்க. ப்ளஸ் வழியில 21 வாட் பல்பு ஒண்ணை வரிசையா வச்சு இணைங்க, சாவி ஆஃப்லேயே இருக்கட்டும். பளிச்சுனு எரிஞ்சா எங்கேயோ ஷார்ட். ஹார்னஸ் பொசுங்காது, பல்புதான் எரியும்.

நாலு_சிலிண்டர்:

ஸ்டார்ட்ல 0 வோல்ட். ஆன்ல 9.1. அப்போ ரெண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கு போல. ஸ்டார்ட் ஒயரையும் காயில் ஒயரையும் ஒண்ணா முறுக்கி இக்னிஷன் ரிலே (ஈ.சி.எம்.முக்குப் போடச் சொன்னது) 86ல கொடுத்துடலாமா?

செம்புக்கம்பி:

வேண்டவே வேண்டாம். சாவியை ஆன் பண்ணினதுமே காயில் ஒயர் கரண்ட் ஸ்டார்ட் ஒயருக்குள்ள பின்னாடி ஏறி ஸ்டார்ட்டர் ரிலேயைத் தூக்கும், செல்ஃப் தானா சுத்த ஆரம்பிக்கும். 1என்4007 டயோடு ரெண்டு எடுங்க. காயில் ஒயர்ல ஒண்ணு, ஸ்டார்ட் ஒயர்லேருந்து பிரியுற கிளையில ஒண்ணு. ரெண்டோட வெள்ளைக் கோடும் 86 பக்கம். ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போற ஒயர் டயோடுக்கு முன்னாடியே பிரிஞ்சிடணும்.

இன்னொண்ணு, எம்.பி.எஃப்.ஐ. ஹார்னஸ்ல பெரும்பாலும் மெயின் ரிலேன்னு ஒண்ணு ஏற்கெனவே இருக்கும், அதோட எர்த்தை ஈ.சி.எம்.மே கொடுக்கும். அது இருந்தா அதை நீங்க எர்த் பண்ணக் கூடாது. அதுக்கும் ஈ.சி.எம்.மோட நிரந்தர ப்ளஸ் முனைக்கும் பேட்டரி லைனைக் கொடுத்துட்டு, நம்ம ரிலே 87ஐ ஈ.சி.எம்.மோட சாவி சிக்னல் முனைக்கும், அந்த ஹார்னஸ்ல காயில் சாவி லைன்ல இருந்தா காயிலுக்கும் மட்டும் கொடுங்க.

நாலு_சிலிண்டர்:

டயோடு போட்டதும் முதல் சுத்துலேயே பிடிச்சிருச்சு. ஈ.சி.எம்.ல 13.9 வோல்ட். "டிக்" போயிருச்சு. ஆனா இப்போ சாவியை ஆஃப் பண்ணினாலும் எஞ்சின் நிக்கலை! சார்ஜ் லைட் மட்டும் மங்கலா எரியுது.

ரிலே_ராசா:

அந்த லைட் வழியாத்தான் வருது. ஓடுற ஆல்டர்னேட்டரோட (பேட்டரியைச் சார்ஜ் பண்றது) எல் முனையில, அதாவது சார்ஜ் லைட் ஒயர் சேர்ற முனையில, 13 வோல்ட்டுக்கு மேல இருக்கும். அது சார்ஜ் பல்பு வழியா சாவி லைனுக்குள்ள திரும்பி ஏறி, உங்க இக்னிஷன் ரிலே காயிலைப் பிடிச்சு வச்சிருக்கு. ரிலே விடாம இருக்க அந்தத் துளி கரண்ட் போதும். பல்புக்கும் எல் முனைக்கும் நடுவுல இன்னொரு 1என்4007, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம்.

பல்பு 2, 3 வாட் இழை பல்பாவே இருக்கட்டும். எல்.இ.டி. போட்டா ஆல்டர்னேட்டர் உயிர் பெறத் தேவையான கரண்ட் போகாது. டேஷ்போர்டுல பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தா அதையும் வழியிலிருந்து எடுத்துடுங்க. 30 ஆம்ப் மீட்டர் வழியா புது ஆல்டர்னேட்டரோட 60 ஆம்ப் போனா முதல்ல சூடாகிறது அதோட முனைகள்தான். பதிலுக்கு ஒரு வோல்ட் மீட்டர் வச்சுக்குங்க.